தவளையணை என்று சொன்னால் கதவு திறக்கும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்த பூட்டுக்கடைக்காரன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, பாப்பா மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் அதே மாதிரி இருப்பீர்கள், முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனிதன் எதற்குப் பேனாவைத் தூக்கினான் என்று நினைப்பீர்கள். என் போனையும் தன் போனையும் உங்கள் தங்கை அலமாரியில் வைத்துப் பூட்டி இரண்டு நாள் ஆகிறது. காரணத்தைத் தோண்டிக்கொண்டே போனால் அது உங்களிடம் வந்துதான் நிற்கும். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

பாப்பாவின் பதினோராவது பிறந்தநாளுக்கு நீங்கள் டேப்லெட் அனுப்பினீர்கள். "பாதுகாப்பு எல்லாம் போட்டுத்தான் குடுத்திருக்கேன் மாப்பிள்ளை, கவலையே படாதீங்க" என்றீர்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லும்போது பூட்டுக்கடைக்காரன் என்ன மறுத்துப் பேசுவது, நானும் கவலைப்படவில்லை. அதில் ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு வீடு கட்டித் தோட்டம் போட வேண்டும். செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடிவிடும். மற்றப் பிள்ளைகளோடு அதற்குள்ளேயே எழுதிப் பேசிக்கொள்ளலாம். பாப்பா அதில் தனக்குப் பட்டாணி என்று பெயர் வைத்துக்கொண்டாள். வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அது அந்த விளையாட்டுக்குள் மட்டும்தான். பரீட்சை வந்தது, போனது. பரீட்சை முடிந்த மறுவாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள், இணையத்தில் பிள்ளைகளைப் பாதுகாப்பது எப்படி என்று. திரையில் படம் காட்டி ஒரு பெண் பேசினார். குழந்தை என்று சொல்லிக்கொண்டு குழந்தைகளோடு பேசுகிறவர்கள் எல்லோரும் குழந்தைகள் அல்ல என்று அவர் சொன்னதும் நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். என்ன செய்யவேண்டும் என்று இரண்டு விஷயம் சொன்னார். முதலாவதைச் சொல்லும்போது என் பேனா மூடி நாற்காலிக்கு அடியில் உருண்டுபோய், நான் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். "பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க, திட்டாம கேளுங்க" என்று ஏதோ காதில் விழுந்தது. இரண்டாவதைத் தடித்த எழுத்தில் எழுதிக்கொண்டேன்: வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளவும், அந்தச் சொல்லைச் சொன்னால்தான் பிள்ளை கதவைத் திறக்கவேண்டும், கூப்பிடுகிறவரோடு போகவேண்டும்.

சொல் தேட எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாப்பா மூன்று வயதில் தலையணையைத் தவளையணை என்பாள், உங்களுக்கும் நினைவிருக்கும், நீங்கள் வந்து தங்கியபோது அது இல்லாமல் தூங்கமாட்டேன் என்று உங்கள் தோளில் தொங்கினாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது தவளையணைதான். உலகத்தில் நான்கு பேருக்குத்தான் அந்தச் சொல் தெரியும், நாங்கள் மூவர், நீங்கள் ஒருவர்.

சொல்லோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் என் தொழில் என்னை நிற்கவிடவில்லை மச்சான். முப்பது வருஷமாக என் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவியைக் கொண்டுவந்தால் இன்னொன்று வெட்டிக் கொடுப்பேன், பூட்டைக் கொண்டுவந்தால் சாவி செய்து கொடுப்பேன், சோப்புக்கட்டியில் சாவியை அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. அச்சு கொண்டுவருகிறவன் அந்த வீட்டுக்காரன் இல்லை. ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவன் தன் மகளோடு யார் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் இருப்பதா. கடையில் கூட்டம் இல்லாத ஒரு மதியம் என் போனில் அந்த விளையாட்டைப் போட்டு, முயல்குட்டி என்று பெயர் வைத்து, காது நீட்டிய ஒரு பொம்மைக்குள் நான் புகுந்துகொண்டேன். பட்டாணியின் தோட்டத்தைக் கண்டுபிடித்து வேலி ஓரமாக நின்று, ஒற்றை விரலால் முதல் வாக்கியத்தை எழுதினேன்: "வணக்கம். நான் பதினோரு வயது நிரம்பிய சிறுமி. தங்களுடன் நட்புகொள்ள விழைகிறேன்." இதை எந்தப் பிள்ளையாவது நம்புமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பட்டாணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வா வா, உனக்காகத்தான் காத்துட்டிருந்தேன்" என்று கதவைத் திறந்துவிட்டது. என் மகளுக்கு எவ்வளவு வெள்ளை மனசு என்று கண் கலங்கிப்போனேன்.

அங்கே எனக்கு முன்பே இன்னொன்று உட்கார்ந்திருந்தது. பெயர் நட்சத்திரம். பார்த்த முதல் நாளே என்னைக் கேட்ட கேள்வி, "உனக்குக் கடைவாய்ப்பல் விழுந்துடுச்சா?" மறுநாள், "மேல் பல்லா கீழ்ப் பல்லா?" அதற்கு அடுத்த நாள், "ஈறு வலிக்குதா, ஒரு படம் எடுத்து அனுப்பேன்." குழந்தைகளின் பல்லைத் தேடி அலைகிற ஒருத்தன் என் மகளின் தோட்டத்தில் உட்கார்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பாவிடம் கேட்கலாம் என்றால் உளவு பார்த்தது தெரிந்துபோகும், உங்கள் தங்கையிடம் சொல்லலாம் என்றால் அவள் பயந்த சுபாவம். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பட்டாணிக்கு ஒரு விளையாட்டு மிகவும் பிடிக்கும். "எங்க வீட்டைப் பத்திச் சொல்லுங்க பார்ப்போம்" என்று ஆரம்பிக்கும். சரியாகச் சொன்னால் ஒரு கேரட். எங்க வீட்ல எத்தனை படி? பதினாலு என்று நான் அடித்தேன், கேரட் எனக்கு. வாசல் கதவு என்ன நிறம்? பச்சை என்று நட்சத்திரம் முந்திக்கொண்டது, எனக்கு எரிச்சல். அப்பா எத்தனை மணிக்குக் கடையை மூடுவார், அம்மாவுக்கு எந்தக் கிழமை மதியம் லீவு, உதிரிச் சாவி எங்கே தொங்கும்? நானும் அந்தப் பல்லாசை பிடித்த நட்சத்திரமும் போட்டிபோட்டுக்கொண்டு அடித்தோம். எனக்கு இருபத்திரண்டு கேரட் சேர்ந்தது. சொல்லச் சொல்லப் பட்டாணி தன் பொம்மை வீட்டை அதே மாதிரி மாற்றிக்கொண்டே வந்தது. பதினாலு படி, பச்சை நிறத்தில் தகரம் அடித்த இரும்புக் கதவு, கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, படிக்குக் கீழே என் பழைய சைக்கிள். போனுக்குள் குனிந்து பார்த்தால் என் வீட்டு வாசலில் நானே நிற்கிறேன். பிள்ளைக்கு என்ன ஞாபகசக்தி, என்ன கைவேலை என்று நான் பூரித்துப்போனேன். இத்தனைக்கும் நடுவே வீடு முழுக்கக் காகிதத் தவளை வேறு மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டேப்லெட்டில் வீடு கட்டிக்கொண்டே தவளையையும் எப்போது மடிக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்கிறது, அவள் பாடுவதும் கேட்கிறது. அதே நேரத்தில் என் போனில் பட்டாணி, "இன்னைக்கு எல்லாரும் வீட்லதானே இருப்பீங்க?" என்று எழுதுகிறது. டேப்லெட் மேஜைமேல் கிடந்தது, திரை இருட்டாக. நெட் மெதுவாக இருந்தால் முன்னே எழுதியது பின்னே வரும் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமைதான் கழுத்துக்குக் கத்தி வந்தது. "எங்க வீட்ல மட்டும் சொல்ற ஒரு வார்த்தை இருக்கு, என்ன?" என்று பட்டாணி கேட்டது. இதற்கு அந்தப் பல்லாசை எப்படி முந்துகிறது பார்ப்போம் என்று நான் தவளையணை என்று அடித்து அனுப்பினேன். அதே நொடியில் எனக்கு நேர் கீழே நட்சத்திரமும் எழுதியது, தவளையணை. மச்சான், என் கையிலிருந்து போன் நழுவிக் கடைத் தரையில் விழுந்தது. வெளியாள் ஒருத்தனுக்கு எங்கள் சொல் தெரிந்திருக்கிறது. பட்டாணி இரண்டு பேருக்கும் கேரட் கொடுத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் நேர்ல பார்த்துக்கங்களேன். நாளைக்கு நாலு மணி, நூலகத்துக்கு எதிர்ல ஜூஸ் கடை. எனக்கு வீட்ல வேலை இருக்கு, நான் வரலை" என்று எழுதியது. நட்சத்திரம் உடனே சரி என்றது. நானும் சரி என்றேன். நாளைக்கு இருக்குடா உனக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக வாசல் கதவுப் பூட்டை மாற்றினேன். அவசரத்தில் மாட்டியதில் உள்பக்கத்துத் தகட்டைத் தலைகீழாகப் போட்டது பிறகுதான் தெரிந்தது, முப்பது வருஷத்தில் முதல் தடவை. பாப்பாவிடம் புதுச் சாவியைக் கொடுத்து, யார் வந்தாலும் திறக்காதே என்று மட்டும் சொன்னேன். சொல் வெளியே போய்விட்டது, இனி அது செல்லாது என்று சொல்லவில்லை. பிள்ளையைப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். நாலு மணிக்குப் பெரிய அரம் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஜூஸ் கடையில் மூலை மேஜையில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் உங்கள் தங்கை உள்ளே வருகிறாள், கையில் குடை, வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. "நீ இங்க என்ன பண்றே?" என்றேன். "டாக்டருக்கு ஜூஸ் வாங்க வந்தேன். நீங்க கடையை விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?" "சாவி குடுக்க வந்தேன்." அவளை அனுப்பிவிட வேண்டும் என்று நானும், என்னை அனுப்பிவிட வேண்டும் என்று அவளும், ஆளுக்கொரு மேஜையில் முறைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பொறுமை போய் நான் மேஜைக்கு அடியில் போனை வைத்து, "நட்சத்திரம், எங்கே இருக்கிறாய்?" என்று அடித்தேன். எதிர் மேஜையில் உங்கள் தங்கையின் கைப்பை டிங் என்றது.

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் பல்லைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பாள், அது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை பாருங்கள். "முயல்குட்டியா நீங்க?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "பதினோரு வயசுப் பொண்ணு எவளாவது, தங்கள் இல்லத்துக் கதவு மரமா இரும்பான்னு என்கிட்ட கேப்பாளா? திருடன்னு நினைச்சு நான் ராத்திரி பகலா நடுங்கிட்டிருந்தேன். பல்லைச் சொல்லு, நிஜமாவே பதினோரு வயசான்னு கண்டுபிடிச்சிடலாம்னு பார்த்தேன். உங்களுக்கு பிபி இருக்கேன்னுதான் உங்ககிட்ட சொல்லலை." பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் ஜூஸ் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கெட்டவன் என்று ஒருவன் இல்லவே இல்லை. அந்தத் தோட்டத்தில் இருந்த மூன்று பேருமே எங்கள் வீட்டு ஆட்கள்.

வீட்டுக்கு வந்தால் கதவு திறக்கவில்லை. பாப்பா உள்பக்கமிருந்து சாவியைப் போட்டுப் பலமாகத் திருகியிருக்கிறாள், பாதிச் சாவி முறிந்து உள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லியும் எங்களைப் பார்க்கிற அவசரம் போலிருக்கிறது. எதிர்வீட்டு பஸ் டிரைவரிடம் ரம்பம் வாங்கி, தெருவே வேடிக்கை பார்க்க, என் வீட்டுப் பூட்டை நானே அறுத்தேன். "இவர்கிட்ட பூட்டு வாங்கினவங்க எல்லாம் நிம்மதியாத் தூங்குங்க" என்று உங்கள் தங்கை தெருவுக்கே அறிவித்தாள். பாப்பா படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை, முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஏன் இவ்வளவு லேட்?" என்று மட்டும் கேட்டாள். அடைத்துவைத்தது போல் ஆகிவிட்டதில் பயந்துவிட்டாள் என்று எனக்கு மிகவும் வருத்தம். உளவு பார்த்த கதையை அவளிடம் சொல்லவேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். போன்கள் அலமாரிக்குப் போயின. முயல்குட்டிக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு வாரம் ஓய்வு, பட்டாணி பாவம், தனியாக விளையாடட்டும்.

ஆகவே மச்சான், உங்கள் டேப்லெட்டின்மேல் இனி எனக்கு வருத்தமில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு காவல் இருக்கும்போது என்ன பயம். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல முழங்காலும் கிடைக்கட்டும் என்று இங்கிருந்து மூவரும் மனதார வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் சனிக்கிழமை காலை எழுதி முடித்தேன். இப்போது ஞாயிறு மதியம். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் உறையில் உங்கள் முகவரியைப் பாப்பாதான் எழுதுவாள். நேற்று நான் பசை எடுத்துவரப் போன நேரத்தில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டாள். திரும்பி வந்தால், தாளைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்து, "அப்பா, இந்தப் பட்டாணி யாரு?" என்றாள்.

பரீட்சைக்கு முன்பு அந்த விளையாட்டில் குட்டிமேகம் என்று ஒரு தோழி கிடைத்தாளாம். "நீ படி, பரீட்சை முடியற வரைக்கும் உன் செடிக்கு நான் தண்ணி ஊத்தறேன்" என்றாளாம். செடி வாடிவிடுமே என்று இவள் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறாள். அதன்பிறகு இவளால் உள்ளே போகவே முடியவில்லை. இரண்டு மாதமாக டேப்லெட்டில் அவள் பார்த்தது காகிதம் மடிக்கிற வீடியோ மட்டும். நானும் உங்கள் தங்கையும் குடும்பத்தோடு போய்ப் படியையும் கதவையும் சொல்லையும் ஒப்புவித்தது என் மகளிடம் அல்ல. முப்பது வருஷம் சோப்பு அச்சை வாங்கமாட்டேன் என்றவன், என் வீட்டையே சோப்பில் அழுத்திக் கொடுத்திருக்கிறேன், அதுவும் கேரட்டுக்கு.

பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், வியாழக்கிழமை சாவி எப்படி முறிந்தது என்று கேட்டேன். நாலு மணிக்கு மணி அடித்ததாம். இவள் கீழே இறங்கிப் போயிருக்கிறாள். தகரக் கதவு, ஆள் தெரியவில்லை. "தவளையணை" என்று ஒரு ஆண் குரல் சொன்னதாம், மெதுவாக, அழகாக. "அந்த வார்த்தை சொன்னாத் திறக்கலாம்னுதானே சொல்லியிருக்கீங்க. மாமாதான் வந்திருக்காருன்னு நினைச்சேன்பா. நான் திறக்கத்தான் பார்த்தேன், சாவி திரும்பலை." பலமாகத் திருகியதில் சாவி முறிந்துவிட்டது. அப்போது அந்தக் குரல், "பரவாயில்லை பட்டாணி, இன்னொரு நாள் வர்றேன்" என்றதாம். நீங்கள் அவளை ஒருநாளும் பட்டாணி என்று கூப்பிட்டதில்லை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா டேப்லெட்டையும் பூட்டிடுவீங்க. நீங்களும் எதுவும் கேக்கலை" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை மச்சான். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நேற்றே மூவரும் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டோம். அங்கிருந்த பெண் அதிகாரி, அந்தப் பட்டாணியிடம் என்னவெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். மூன்றாவது தாள் எடுக்கும்போது என்னை ஒருமுறை பார்த்தார். எதையும் அழிக்காமல் போன்களை ஒப்படைக்கச் சொன்னார். வீட்டுக்கு ஓடி, அலமாரியிலிருந்து எடுத்துவந்து, அவர் முன்னால் அந்த விளையாட்டைப் போட்டேன். தோட்டத்தில் யாரும் இல்லை. செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியிருந்தது. பச்சைக் கதவுக்கு உள்ளே, பதினாலு படியில் மூன்றாவது படியில், புதிதாக ஒரு சின்னப் பெண் பொம்மை உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் தலையணை. அவன் போகாமல் வெகுநேரம் அந்த ஒரு சாண் இடைவெளியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. எவ்வளவு சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன் என்று நீங்களும் பார்க்கவேண்டும். அந்தச் சொல் இனி எதற்கும் ஆகாது. பாப்பாவே ஒரு புதுச் சொல் சொன்னாள், அதை இங்கே எழுதமாட்டேன். அன்றைக்குச் சாவியைத் திரும்பவிடாத அந்தத் தலைகீழ் உள்தகட்டைக் கழற்றிக் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். புறப்பட்டு வாருங்கள், எங்களுக்குத் துணை வேண்டும். வந்தால் மணி அடிக்காதீர்கள், எதுவும் சொல்லாதீர்கள், எதிர்வீட்டு வாசலில் நில்லுங்கள். பாப்பா மாடி சன்னலிலிருந்து முகத்தைப் பார்த்து, திறக்கலாம்பா என்று சொன்ன பிறகுதான் நான் திறப்பேன். அன்றைக்குக் கதவுக்கு அடியில் அவள் பார்த்தது ஒரு ஜோடி பழுப்பு ஷூ, லேஸை ஒழுங்காக முடிச்சுப் போட்டிருந்ததாம். உங்களிடமும் பழுப்பு ஷூ இருக்கிறது. தயவுசெய்து அதைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், செருப்போடு வாருங்கள்.